அந்த மாடல் நின்னுபோச்சு சார்

குரோம்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் "அந்த மாடல் நின்னுபோச்சு சார்" என்பதாகத்தான் இருக்கும். ஜாரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவரின் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஜாரில் ஒரு கோளாறும் இருக்காது. அடியில் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும், முப்பது ரூபாய் சமாச்சாரம். அந்த முப்பது ரூபாய்ப் பொருளைக் கம்பெனி நிறுத்தியிருக்கும். அதனால் நாலாயிரம் ரூபாய் மிக்ஸி பரணுக்குப் போகும்.

பாட்டுக் கேட்கும் பெட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. தொழில் புத்தி.

பெட்டிகள் இரண்டு. ஹெட்போனுக்கான ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர் ஒன்று, அதன் பெயர் மாக்னி 3. கம்ப்யூட்டரில் இருந்து வரும் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் டாக் ஒன்று, அதன் பெயர் மோடி 3. இரண்டும் கலிபோர்னியாவில் ஆரம்பித்த ஷிட் ஆடியோ என்ற சின்னக் கம்பெனியின் சரக்கு. ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே ஆங்கிலக் கெட்ட வார்த்தைதான். எழுத்துக் கூட்டலை மட்டும் மாற்றி, வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். சாமான்களுக்கு வட ஐரோப்பியப் பக்கத்துப் புராணப் பெயர்கள். மாக்னியும் மோடியும் தோர் என்கிற இடிக் கடவுளின் பிள்ளைகள். இது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? "மோடி பக்கத்துல தண்ணி டம்ளர் வைக்காதே" என்று நான் பையனிடம் சொன்னதைக் கேட்டு மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கம்பெனியை 2010-ல் ஜேசன் ஸ்டாடர்ட், மைக் மாஃபட் என்ற இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். மாஃபட் அதற்கு முன்பே தீட்டா டிஜிட்டல் என்ற கம்பெனி நடத்தி, டாக் செய்வதில் பெயர் வாங்கியவர். ஊர் ஊருக்கு டீலர் வைத்து, டீலருக்குக் கமிஷன் கொடுத்து விற்பதை விட்டு, பெரும்பாலும் நேராகத் தங்கள் இணையதளத்திலேயே விற்றார்கள். 2012 கடைசியில் முதல் மாக்னியும் முதல் மோடியும் ஆளுக்கு 99 டாலருக்கு வந்தபோதுதான் எங்களைப் போன்றவர்கள் திரும்பிப் பார்த்தோம்.

நான் திரும்பிப் பார்த்தது 2016-ல். நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனை எனக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அதன் மின்தடை 300 ஓம். போனில் நேராகச் செருகினால் பாட்டு பக்கத்துத் தெருவில் ஓடுவது மாதிரி இருக்கும், அதற்குத் தேவையான வோல்டேஜை போன் கொடுக்காது. சரி, ஆம்ப் வாங்கியே ஆக வேண்டும். அப்போது ஷிட்டின் பட்டியலில் மாக்னி 2 என்று 99 டாலருக்கு ஒன்று, மாக்னி 2 ஊபர் என்று 149 டாலருக்கு ஒன்று. ஊபரில்தான் ப்ரீ அவுட் இருந்தது, அதாவது ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கருக்கும் அதே வால்யூம் திருகைப் பயன்படுத்தலாம். மோடியிலும் அதே கதை. சாதா மோடி 2-க்கு 99, ஆப்டிகல் (ஒளிவழி கேபிள்) முதலான கூடுதல் கேபிள் வாசலோடு வரும் ஊபருக்கு 149. நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் "2 ஊபர், 298" என்று எழுதி வைத்தேன். எழுதி வைத்ததோடு சரி. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ், கடைக்கு அட்வான்ஸ், அப்புறம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன்.

2018 கடைசியில் தங்கை மகன் சான் ஹோசேயில் இருந்து லீவுக்குக் கிளம்புவதாகச் சொன்னான். அந்த பில் புத்தகத்தைத் தேடி எடுத்து மாடல் பெயரைச் சொன்னேன். மறுநாள் போன்.

"மாமா, நீங்க சொன்ன ரெண்டும் இல்ல. நின்னுபோச்சு."

நான் ஊருக்கெல்லாம் சொல்கிற வாக்கியம் எனக்கே திரும்பி வந்தது. தொண்டையில் ஏதோ இறங்கியது.

"அதுக்குப் பதிலா மாக்னி 3-ன்னு ஒண்ணுதான் இருக்கு. ப்ரீ அவுட் இருக்கு மாமா. 99 டாலர்."

"ஊபர் எங்கேடா?"

"ஊபரே கிடையாது மாமா. மோடியும் அப்படித்தான். மூணு வாசலும் ஒரே மாடல்ல. அதுவும் 99."

இரண்டு மாடலை நிறுத்திவிட்டு, விலை அதிகமான மாடலில் இருந்த வசதியைக் குறைந்த விலை மாடலுக்கே கொடுத்திருக்கிறார்கள். எனக்கு 100 டாலர் மிச்சம். மாடல் நின்றுபோய் லாபம் பார்த்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது கடைக்காரனுக்குப் புரியும். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு மாடல் கூட இருப்பது வாடிக்கையாளருக்கு நல்லது மாதிரித் தெரியும். உள்ளே அது எத்தனை டப்பா தெரியுமா? ஒரு மாடலுக்கு நிறம் இரண்டு என்று வையுங்கள். அடாப்டர், அவர்கள் ஊருக்கு ஒரு வோல்டேஜ், நம் ஊருக்கு ஒரு வோல்டேஜ். ஆக நாலு அலமாரி. அதிலேயே ஊபர் என்று இன்னொன்று சேர்ந்தால் எட்டு. ஒவ்வொன்றிலும் பத்து தேங்கினாலும் பணம் அங்கே தூங்கும். பெரிய கம்பெனி தாங்கும், பத்து இருபது பேர் வேலை பார்க்கிற இடம் தாங்காது. நானே ஒரு காலத்தில் கப்ளர் மட்டும் நாற்பது தினுசு வைத்திருந்தேன். விற்றது ஆறு.

இப்போது பொருளுக்கு வருகிறேன். பெட்டி கைக்கு வந்த அன்று ராத்திரி கடை மூடியதும் பெஞ்சிலேயே பிரித்தேன். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, வளைத்த தகடு, முன்னால் ஒரு திருகு, ஒரு ஹெட்போன் ஓட்டை. மோடியின் முன்னால் ஒரே ஒரு பொத்தான், மூன்று பொட்டு விளக்கு. அமுக்க அமுக்க யுஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்ஸியல் என்று மாறும். இதற்கு மேல் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது. என் பையனின் ப்ளூடூத் ஸ்பீக்கரில் எந்தப் பொத்தானை எத்தனை வினாடி அமுக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

மாக்னியின் அடாப்டரில் தட்டை முள். நான் கன்வர்ட்டர் பிளக்கைச் செருகி, சுவிட்சில் விரலை வைத்துவிட்டேன்.

"அண்ணே, இதுல 120-ன்னு போட்டிருக்கு" என்றான் கடைப் பையன்.

இத்தனை வருடம் மோட்டார் வைண்டிங் சுற்றியவன் நான். பாட்டுக் கேட்கிற அவசரத்தில் லேபிளைப் படிக்கவில்லை. நம் ஊர் 230 வோல்ட்டில் போட்டிருந்தால் அந்த அடாப்டர் அங்கேயே புகைந்திருக்கும், ஆம்பும் கூடச் சேர்ந்திருக்கலாம். அமெரிக்காவில் இருந்து பிளெண்டர் தூக்கி வருகிறவர்களுக்காகக் கடையில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் எப்போதும் கிடக்கும். அதில் மாட்டி, கடைப் பையனுக்கு ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாக்னியின் அடாப்டர் வெளியே கொடுப்பதும் ஏசிதான். வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் டிசி கொடுப்பவை, எதுவும் உதவாது. ஆர்டர் போடும்போதே 230 வோல்ட் என்று தேர்வு செய்ய வேண்டும். யாராவது கொண்டு வருகிறார்கள் என்றால் அவர்களிடம் மூன்று தடவை சொல்ல வேண்டும். மோடிக்கு இந்தத் தொல்லை இல்லை, யுஎஸ்பி மின்சாரமே போதும்.

சத்தம் எப்படி? பகல் முழுக்க நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றும் மோட்டாரைக் காதருகே வைத்துக் கேட்கிறவனுக்கு ராத்திரியில் வேண்டியது அமைதி. மாக்னி கொடுப்பது அதுதான். பாட்டு ஓடாதபோது காதில் ஒன்றுமே இல்லை. வால்யூம் பத்து மணி இடத்தைத் தாண்டவே வேண்டியதில்லை. என்னிடம் ஒரு கோயில் திருவிழா நாதஸ்வரக் கச்சேரியின் பதிவு இருக்கிறது. பல்லவிக்கு முன் வாசிப்பவர் சீவாளியை உதட்டில் நனைத்து ஒரு தடவை ஊதிப் பார்ப்பார். கேசட் காலத்தில் இருந்து அந்தக் கச்சேரியைக் கேட்கிறேன், அந்தச் சின்ன ஊதலை இப்போதுதான் கேட்டேன். இதில் ஹெட்போனுக்கு எவ்வளவு பங்கு, ஆம்புக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், முக்கால்வாசி ஹெட்போனுக்கு என்பேன். நூறு டாலர் ஆம்பைக் கேட்டுக் கண்ணீர் வந்தது என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். ஆன் ஆஃப் சுவிட்ச் பின்னால் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தடவித் தடவித்தான் போட வேண்டும்.

சரி, இரண்டை ஒன்றாக்கிய கம்பெனி அப்படியே இருந்ததா என்றால், இல்லை. 2019-ல் மாக்னி 3 ப்ளஸ் என்று ஒன்று, மாக்னி ஹெரசி என்று ஒன்று, இரண்டும் 99 டாலருக்கு. ஒன்றில் தனித்தனி டிரான்சிஸ்டர், மற்றதில் ஆப் ஆம்ப் ஐசி, அதாவது எல்லாம் அடங்கிய ஒரே சிப். அளவைக் கருவியில் நல்ல எண் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஹெரசி, காதை நம்புகிறவர்களுக்கு ப்ளஸ். படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் தெரு ஸ்டேஷனரிக் கடைக்காரரும் இப்படித்தான், வருடா வருடம் அலமாரியைக் குறைப்பேன் என்பார், ஆயுத பூஜைக்குள் இன்னொரு அலமாரி வந்துவிடும். அவர்களின் விலை உயர்ந்த டாக் இக்ட்ராசில் 2022-ல் மூன்று தினுசில் விற்றது. ஒன்றின் பெயரே "குறைவே நிறைவு" என்ற பொருளில் வரும். அந்தப் பெயரில் மூன்றாவது தினுசு!

அதற்காக அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சில சமயம் நிறுத்துவது கம்பெனியின் கையில் இருப்பதில்லை. என் மோடி 3-க்குள் இருப்பது ஏகேஎம் என்ற ஜப்பான் கம்பெனியின் சிப். 2020 அக்டோபரில் நொபேயோகா ஊரில் அவர்களின் ஆலை பற்றி எரிந்தது. உலகம் முழுக்க ஆடியோ கம்பெனிகள் சிப்புக்கு அலைந்தன, எத்தனையோ மாடல் பாதியில் நின்றது. மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் வராவிட்டால் நான் என்ன மிக்ஸியைச் சரிசெய்ய முடியும்? அதே மாதிரிதான்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. பைஃப்ராஸ்ட் என்ற அவர்களின் நடுத்தர டாக் 2011-ல் வந்தது. உள்ளே பலகைகளைக் கழற்றி மாட்டலாம். புதுசாக ஒன்று கண்டுபிடித்தால் பழைய பெட்டிக்காரர்களுக்குப் பலகையை மட்டும் விற்றார்கள். ஜார் பழசு, பிளேடு புதுசு. மிக்ஸிக் கம்பெனிக்காரர்கள் யாராவது படிக்கிறீர்களா?

மாக்னி 3-ம் மோடி 3-ம் இப்போது பட்டியலில் இல்லை, நின்று பல வருடம் ஆகிறது. என் பெஞ்சின் மேல் தட்டில் இரண்டும் தினமும் ஓடுகின்றன. போன மாதம் தங்கை மகன் மறுபடி கூப்பிட்டான். புது மாக்னி வந்திருக்கிறதாம், வரும்போது வாங்கி வரட்டுமா என்றான்.

"அதெல்லாம் வேண்டாம்டா. பழைய மாக்னிக்கு 230 வோல்ட் அடாப்டர் இன்னும் கிடைக்குதா பாரு. கிடைச்சா ரெண்டா எடுத்துட்டு வா."