சிங்கப்பூரில் பிள்ளைக்கு இந்தியப் பள்ளியா, அரசுப் பள்ளியா?

ஓசூர் வேலையை விட்டு தங்கச்சி குடும்பம் சிங்கப்பூர் போனதிலிருந்து, கிருஷ்ணகிரி வீட்டில் எங்களுக்கு ஒரே பேச்சு பாப்பாவின் பள்ளிக்கூடம்தான்.

இந்தியப் பள்ளி என்றால் சிபிஎஸ்இ, ஏப்ரலில் தொடங்கும், நாளைக்கே ஊர் திரும்பினாலும் இங்கே சேர்ப்பது சுலபம். ஃபீஸ்தான் கையைக் கடிக்கும்.

அரசுப் பள்ளி ஜனவரியில் தொடங்கும். இரண்டாம் வகுப்பிலிருந்து சேர வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏஇஐஎஸ் என்ற சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும், ஆங்கிலமும் கணக்கும், தேறினாலும் இடம் இருந்தால்தான் கிடைக்கும், அது வீட்டுக்குப் பக்கத்திலேயே அமையும் என்றும் இல்லை, அப்புறம் ஆறாவது முடிவில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வேறு. ஆனால் அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம். எனக்கு அது பெரிய விஷயம்.

ரெண்டு மூணு வருஷத்தில் திரும்புகிறவர்களுக்கு இந்தியப் பள்ளியே சரி. இவர்கள் அங்கேயே தங்குவதாக இருந்ததால், "அரசுப் பள்ளிக்கே முயற்சி பண்ணும்மா" என்றேன்.

போன ஞாயிறு நமக்குக் காலை ஏழரை, அங்கே பத்து மணி. பாப்பா ராகிக் களியைப் பிட்டுக்கொண்டே, வீடியோ காலில் எங்கள் அம்மாவுக்குத் தமிழ்ப் புத்தகம் வாசித்துக் காட்டினாள், 'ழ' வந்த இடத்தில் மட்டும் நின்று, மறுபடி சொல்லிப் பார்த்து.