கொண்டை ஊசி வளைவில் 650 குதிரைகள்

கோத்தகிரியில் குடியிருப்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது ஒரு பயணமே அல்ல. மளிகைக்கும் மருத்துவமனைக்கும் ரயிலுக்கும் அதுதான் வழி. அந்தச் சாலையில், சென்ற தை மாதத்தில் ஒரு காலைப்பொழுதில், ஒன்றுக்கொன்று எவ்வகையிலும் இணையில்லாத இரண்டு கார்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒன்று, கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் கொண்டு வந்திருந்த, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் இரட்டை டர்போ ஸ்போர்ட்ஸ் கார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. மற்றொன்று, ஏழு ஆண்டுகளாக என் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்விப்ட். இரண்டிலும் அரவேணு தாண்டிக் குஞ்சப்பனை வரை இறங்கி, திரும்பி மேலே வந்தேன். எது வேகமானது என்று கேட்க வேண்டியதே இல்லை. எதை ஓட்டுவது மகிழ்ச்சி என்பதுதான் கேள்வி. என் விடை ஸ்விப்டின் பக்கம் சாய்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் சாயவில்லை.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். உயர்திறன் வகைக்கு அளவுகோலாக 2020-இல் வெளிவந்த போர்ஷே 911 டர்போ எஸ் காரை எடுத்துக்கொள்கிறேன். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 650 குதிரைத்திறன், நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 2.7 விநாடி, உச்ச வேகம் 330 கி.மீ., எடை ஏறத்தாழ 1,640 கிலோ. 2018-இல் வந்த ஸ்விப்டின் பெட்ரோல் வடிவம் 1.2 லிட்டர், 83 குதிரைத்திறன், 870 கிலோவை ஒட்டிய எடை. அதாவது முதல் காரில் ஒரு குதிரை இரண்டரை கிலோவை இழுக்கிறது. இரண்டாவதில் பத்து கிலோவுக்கு மேல் இழுக்கிறது. விலையில் ஒன்று மூன்று கோடி ரூபாயைத் தாண்டுகிறது, மற்றது பத்து லட்சத்துக்குள் அடங்குகிறது. தாளில் இது ஒப்பீடே அல்ல.

மலைப்பாதையில் ஒப்பீடு ஆகிவிடுகிறது. ஒரு வளைவை எவ்வளவு வேகத்தில் திரும்ப முடியும் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. வளைவின் ஆரமும் டயரின் பிடிப்பும் தீர்மானிக்கின்றன, அதுவும் வர்க்கமூலக் கணக்கில். பத்து மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை வைத்துக்கொள்வோம். காய்ந்த தாரில் சாதாரண டயர் புவியீர்ப்பின் 0.8 மடங்கு பக்கவிசையைத் தாங்கும் எனக் கொண்டால், 32 கி.மீ. வேகத்தில் அதன் பிடிப்பு முடிந்துவிடும். விலை உயர்ந்த அகன்ற டயர் 1.1 மடங்கு தாங்கும் எனக் கொண்டால், அது 37 கி.மீ. வரை போகும். இடைவெளி ஐந்தே கிலோமீட்டர். ஐம்பது மீட்டர் ஆரமுள்ள அகன்ற வளைவில் அதே கணக்கு 71-க்கும் 84-க்கும் வருகிறது. ஆனால் எங்கள் மலைச்சாலையில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல் 84-இல் திரும்புகிறவர் கார் பிரியர் அல்ல, ஊருக்கு ஆபத்து.

ஆகவே மூன்று கோடி ரூபாய் வளைவுக்குள் பெரிதாக எதையும் வாங்கித் தரவில்லை. அது வாங்கித் தருவதெல்லாம் இரண்டு வளைவுகளுக்கு இடையில் இருக்கும் நேர்த்துண்டில்தான். அந்த நேர்த்துண்டின் நீளம் பல இடங்களில் நூறு மீட்டர்கூட இராது. 2.7 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டும் காருக்கு அந்த வேகம் வர நாற்பது மீட்டரை ஒட்டிய சாலையே போதும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், மிதித்த காலை எடுத்து உடனே பிரேக்கில் வைக்க வேண்டும். நண்பரின் காரில் நான் ஒரே ஒரு முறை முழுதாக மிதித்தேன். ஒன்றரை விநாடி இருக்கும். முதுகு இருக்கையில் புதைந்தது, தேயிலைச் செடிகள் ஒரே பச்சைக் கோடாக மாறின, அடுத்த வளைவு மடிக்கு வந்துவிட்டது. அது வியப்பு, மறுக்க மாட்டேன். ராட்டினத்திலும் அதே வியப்பு உண்டு, அங்கேயும் எனக்கு வேலை எதுவும் இல்லை.

ஸ்விப்டில் அதே நேர்த்துண்டு வேலை நிறைந்தது. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே செல்லுங்கள் என்று மலைப்பாதைகளில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தக் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தொடும்போது வேகம் 50-ஐ ஒட்டி இருக்கும். கியரின் முழு நீளமும் 80-ஐ ஒட்டி முடிந்துவிடும். அதாவது இந்தச் சாலைக்குத் தேவையான வேகமெல்லாம் அந்த ஒரு கியருக்குள்ளேயே கிடக்கிறது. எஞ்சின் இறுகுவதும் தளர்வதும் காலடியில் தெரிகிறது. போர்ஷே 718 கேமன் ஜிடி4 என்ற, கையால் கியர் மாற்றும் அருமையான காரைப் பற்றி அதன் ரசிகர்களே சொல்லும் குறை, அதன் இரண்டாம் கியர் 130 கி.மீ.க்கு மேல் நீளுகிறது என்பதுதான். அப்படியொரு கியர்ப்பெட்டியை எங்கள் மலைக்குக் கொண்டுவந்தால், கியர் மாற்றும் கையின் இன்பத்துக்காகவே வாங்கிய காரில் கைக்கு வேலை இல்லாமல் போகும். என் காரைப் பார்க்கும் மெக்கானிக் தம்பி நண்பரின் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதையேதான்: "நல்ல வண்டிங்கண்ணா. ஆனா ஓடறதுக்கு ரோடு பத்தாதுங்க."

உயரத்தின் விஷயத்தில் மட்டும் டர்போவுக்குக் கைகொடுத்தே ஆக வேண்டும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானாக உறிஞ்சும் எஞ்சின் அந்த அளவுக்குத் திறனை இழக்கிறது. ஸ்விப்டின் 83 குதிரைகளில் பதினைந்துக்கும் மேற்பட்டவை மலையேறும் வழியிலேயே இறங்கிக்கொள்கின்றன என்று சொல்லலாம். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தித் திணிப்பதால் அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய ஸ்விப்ட், முன்னால் புகை கக்கிக்கொண்டு போகும் தேயிலை லாரியைத் தாண்ட முடியாமல் மூன்று வளைவுகள் தவிப்பது இன்பம் அல்ல. அந்த இடத்தில் நண்பரின் கார் லாரியைத் தாண்டிய விதம், நாகரிகமான மனிதர் கூட்டத்தில் 'கொஞ்சம் வழி விடுங்கள்' என்று சொல்லிக் கடப்பது போல இருந்தது.

ஆனால் காரோடு உரையாடுவது என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் புதிய ஸ்போர்ட்ஸ் கார்கள் தோற்கின்றன என்பது என் எண்ணம். ஸ்விப்டை வளைவில் சற்று வேகமாகத் திருப்பினால் உடல் ஒரு பக்கம் சாய்கிறது, முன்டயர் முனகுகிறது, ஸ்டியரிங் கனம் மாறுகிறது; எல்லைக்கு முன்பே மூன்று எச்சரிக்கைகள் வந்துவிடுகின்றன. நண்பரின் காரில் அதே வளைவு, அதே வேகம்: எதுவும் நடக்கவில்லை. சாயவில்லை, முனகவில்லை. அதன் டயர்கள் தம் பிடிப்பின் எல்லையை நெருங்கவே இல்லை என்பதால் சொல்வதற்கு அவற்றிடம் எதுவும் இல்லை. அவை பேசத் தொடங்கும் வேகம் எங்கள் சாலையில் வரக்கூடாத வேகம். 911 வரிசையில் 2011-இல் வந்த தலைமுறையில்தான் ஹைட்ராலிக் ஸ்டியரிங்குக்குப் பதிலாக மின்மோட்டார் ஸ்டியரிங் வந்தது. சாலையின் பரபரப்பு கைக்கு வருவது குறைந்துவிட்டது என்று அப்போது எழுந்த முணுமுணுப்பு பல ஆண்டுகள் நீடித்தது.

இதைப் புரிந்துகொண்ட பொறியாளர்களும் இருக்கிறார்கள். 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த ஜிடி86 காருக்கு 200 குதிரைத்திறன்தான். அதற்கு அவர்கள் மாட்டிய டயர், எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர் போன பிரியஸ் காரில் வந்த அதே ரக டயர். தெரியாமல் செய்ததல்ல. பிடிப்பு சீக்கிரம் முடிந்தால், ஓட்டுகிறவர் குறைந்த வேகத்திலேயே காரின் எல்லையைத் தொட்டு விளையாடலாம் என்ற கணக்கு அது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரும் அதே குலம். ஒரு டன்னைச் சற்றே தாண்டிய எடை, இரண்டு இருக்கை, கையால் மாற்றும் கியர், 2 லிட்டர் வடிவத்தில் 184 குதிரைத்திறன். அகலம் 1,735 மில்லிமீட்டர். 2018 ஸ்விப்டின் அகலமும் அதேதான். கோத்தகிரிச் சாலைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற கார். இரண்டு கார்களுமே இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்ததில்லை என்பதால் இந்தப் பத்தி ஏக்கத்தோடு முடிகிறது.

அகலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1960-களில் வந்த முதல் 911-இன் அகலம் 1,610 மி.மீ., எடை ஏறத்தாழ 1,080 கிலோ. இன்றைய டர்போ எஸ் 1,900 மி.மீ.; பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். 5.5 மீட்டர் அகலமுள்ள கிளைச் சாலையில் இரண்டரை மீட்டர் அகலப் பேருந்து எதிரே வந்தால் மீதியிருப்பது மூன்று மீட்டர். வளைவில் பேருந்தின் வால் வெட்டி வரும்போது அதிலும் குறையும். அரவேணுவுக்குக் கீழே ஒரு வளைவில், மேலேறி வந்த அரசுப் பேருந்துக்கு வழிவிட்டு நான் நண்பரின் காரை ஓரம் கட்டினேன். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம், மலை வழக்கமும் அதுதான். இடது சக்கரத்துக்கும் மூடியில்லாத ஓரக் கால்வாய்க்கும் இடையே ஒரு சாண் இருந்தது. பேருந்து கடந்து போகும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மழைநீர்ப் பள்ளத்தில் காரின் முன்தாடை தரையில் உரசிய ஓசையை நண்பர் கேளாதவர் போல் இருந்தார். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன். ஸ்விப்டில் இந்தக் கவலைகளுக்கே இடமில்லை, மனம் முழுவதும் ஓட்டுவதில் இருக்கிறது. கோடைக்காலத்தில் ஒருவழிப் பாதை அமலாகி, உதகையிலிருந்து இறங்கும் கூட்டமெல்லாம் எங்கள் ஊர் வழியாகத் திருப்பிவிடப்படும்போது எந்தக் காரும் மாட்டுவண்டிதான் என்பது வேறு கதை.

உயர்திறன் கார்களைச் செய்கிறவர்களுக்கும் இந்தக் குறை தெரியாமல் இல்லை. 2013-இல் வந்த 911 ஜிடி3 காரை இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர்ப்பெட்டியோடு மட்டுமே விற்றார்கள். பந்தயச் சுற்றுப்பாதையில் அதுவே வேகமானது என்பது காரணம். வாங்குகிறவர்கள் வேகத்தைக் கேட்கவில்லை, காலால் மிதிக்கும் கிளட்சைக் கேட்டார்கள். 2016-இல் கையால் மாற்றும் ஆறு கியரோடு 991 கார்கள் மட்டும் செய்யப்பட்ட 911 ஆர் வந்தபோது அதற்கு எழுந்த போட்டியைப் பார்த்து, மறு ஆண்டே ஜிடி3-இலும் கிளட்ச் மிதி திரும்பி வந்தது. 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, எஞ்சின் ஓசையை ஸ்பீக்கர்கள் வழியாகவும் அறைக்குள் ஒலித்தது. 650 குதிரைத்திறன் கொண்ட ஹூண்டாய் ஐயானிக் 5 என் என்ற மின்காரில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. ஆனால் கியர் மாறுவது போன்ற உலுக்கலையும் ஓசையையும் மென்பொருள் போலியாக உண்டாக்குகிறது. நீக்கியதை நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்றால், நீக்கியபோது எது போயிற்று என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

பிரேக்கின் பக்கம் வந்தால் என் தராசு மறுபடி திரும்புகிறது. பல ஆண்டுகளுக்கு முன், இளமைத் திமிரில், ஒரு சின்னக் காரில் மூன்றாம் கியரிலேயே குஞ்சப்பனை வரை பிரேக்கை மிதித்தே இறங்கினேன். கடைசி வளைவுகளில் மிதி பஞ்சு போல உள்ளே போனது. சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. தவறு முழுவதும் என்னுடையது. ஆனால் அதே முட்டாள்தனத்தை நண்பரின் கார் வேறு விதமாகப் பொறுத்துக்கொண்டிருக்கும். அகன்ற பிரேக் வட்டுகளும் அவற்றைக் கவ்விப் பிடிக்கும், உள்ளங்கையைவிடப் பெரிய காலிப்பர்களும் அதற்காகவே இருக்கின்றன. நனைந்த சாலையிலும் மூடுபனியிலும் வீட்டாரோடு வரும்போது இன்பத்தைவிட இந்தத் தாங்குதிறன்தான் எனக்கு வேண்டும்.

நண்பரின் காருக்குரிய இடம் மலைக்குக் கீழே இருக்கிறது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. எதிரே பேருந்து வராது, ஓரத்தில் கால்வாய் இல்லை, டயர் பேசத் தொடங்கும் வேகத்தைப் பயமின்றித் தொடலாம். அங்கே அந்தக் காரை ஓட்டினால் இந்தக் கட்டுரையின் பாதியை நானே திருத்தி எழுதுவேன். எனினும் கரிவர்தன் இந்தப் பகுதி இளைஞர்களுக்குப் பந்தயம் கற்பிக்கச் செய்த ஃபார்முலா மாருதி காரில் இருந்தது மாருதி 800-இன் சின்னஞ்சிறு எஞ்சின்தான். பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் அந்தக் காரை ஓட்டியவர்.

கல்லட்டியிலும் இந்த ஒப்பீட்டைச் செய்துவிட வேண்டும் என்று நண்பர் விரும்பினார். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2018-இல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அங்கே இறங்க விடுவதில்லை. என் காரின் எண் டிஎன் 43, நீலகிரிப் பதிவு. அவருடையது கோவைப் பதிவு. அவரது கார் உதகையில் நிழலில் நின்றது. ஸ்விப்டில் இறங்கினோம், இரண்டாம் கியரில். பத்தாவது வளைவுக்குப் பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி, சாவியை அவர் வாங்கிக்கொண்டார்.