பெரும்பாக்கத்து வீடும் அரும்பாக்கத்து மனையும்

இம்முறை சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் சென்றபோது நகரின் தென்புற விளிம்பிலுள்ள பெரும்பாக்கத்தில் சித்தி வீட்டில் தங்கினேன். மத்திய அரசின் உலகளாவிய வீடமைப்புத் தொழில்நுட்பப் போட்டியின் தொடர்ச்சியாக ஆறு நகரங்களில் முன்மாதிரிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. அவற்றில் சென்னைக்குரியது, 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டி 2022 மே மாதம் திறக்கப்பட்ட, சித்தியின் வீடும் அடங்கிய இந்த 1,152 வீடுகள்தாம். தூணையும் சுவரையும் முன்கூட்டியே வார்த்து, கொண்டுவந்து பொருத்தும் முறை வெளிநாடுகளில் நெடுங்காலமாகப் புழங்குவது. சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடும் அப்படி எழுந்ததே.

வீடு உறுதியாக இருக்கிறது. "சுவத்துல ஆணி இறங்கவே மாட்டேங்குதுப்பா" என்று சித்தி சொன்னார்; சித்தப்பாவின் படம் அலமாரியில் சாய்த்தபடியே இருந்தது. பக்கத்து வீட்டில் துளைபோடும் கருவியை இரவல் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். ஆனால் சித்திக்கு வேலை தொலைவில், நகருக்குள் இருக்கும் மந்தைவெளியில். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரும் உதவிதான் என்றாலும், விடியுமுன் எழுந்து நிறுத்தத்தில் நிற்பதையும், இருட்டிய பின் வீடு சேர்வதையும் அது குறைத்துவிடவில்லை.

கட்டும் முறை எளிதில் கடல் தாண்டி வந்துவிடுகிறது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றிய பாடம் வரவில்லை என்பது என் வருத்தம். அந்தப் பாடத்தைச் சென்னை ஒருகாலத்தில் கற்றிருந்தது. 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் குடிநீர், கழிவுநீர், சாலை வசதிகளோடு மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன; கையில் பணம் சேரச்சேர மக்களே வீட்டை எழுப்பிக்கொண்டார்கள். அரும்பாக்கத்தில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போன தெருவில், கீழே தையற்கடை, வெளிப்புறப் படிக்கட்டு, மேலே வாடகைக்கு விட்ட மாடி என்று வீடுகள் வளர்ந்து நிற்பதைக் கண்டேன். வேலையும் வீடும் ஒட்டியே அமைந்த அந்தத் தெருவும் முன்மாதிரி என்று காட்டத் தக்கதுதான்.

பராமரிப்பைப் பொறுத்தவரை நம்பிக்கை தரும் மாற்றம் தெரிகிறது. குடிசை மாற்று வாரியமாக 1970இல் தொடங்கி 2021இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தின்கீழ்க் குடியிருப்போர் சங்கங்களிடம் பராமரிப்பை ஒப்படைத்து, அவர்கள் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசின் பங்கையும் சேர்க்கிறது. சித்திக்குத் தெரிந்த சங்கப் பொருளாளர் ஒருவர், பத்து ஆண்டு கழித்து வரப்போகும் பெரிய செலவுக்கு நீங்கள் எப்படிப் பணம் சேர்க்கிறீர்கள் என்று கேட்டார். மாதந்தோறும் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதியை, வீவக குடியிருப்புகளைப் பராமரிக்கும் நகர மன்றம் வேறெதற்கும் தொடக்கூடாத ஒதுக்கு நிதியில் போட வேண்டும் என்பது எங்கள் சட்டம் என்றும், 2017 முதல் மின்தூக்கி மாற்றத்துக்கெனத் தனி நிதியே உண்டு என்றும் விளக்கினேன். அவர் தம் வரவு செலவுக் குறிப்பேட்டைத் திறந்து, இரண்டுக்கும் தனித்தனியே பத்தி வரைந்துகொண்டு, எங்கள் நகர மன்றத்தின் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டறிக்கையை அனுப்பச் சொன்னார். ஊர் திரும்பியதும் அனுப்பிவிட்டேன்.