பில்லில் புது டைனமோ, வண்டியில் பழைய டைனமோ: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

பெருந்துறைக்கு அருகில் வசிக்கும் நான், என் அப்பா 1998இல் வாங்கிய மாருதி 800 காரை இன்றும் ஓட்டி வருகிறேன். கடந்த கோடையில் அந்த வண்டிக்கு வந்த ஒரு மின்கோளாறைக் காட்டி, ஈரோட்டுப் பட்டறை ஒன்று மூன்று முறையாக என்னிடம் 17,800 ரூபாய் வாங்கியது. கோளாறு மட்டும் தீரவில்லை. பழைய வண்டியை ஆசையோடு பேணும் வேறு எவரும் இப்படிப் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காக, நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்துவிடும். அம்மாவைக் கோவையில் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், விஜயமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வரும், செல்ஃப் சுற்றாது. வெயிலில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போல எடுத்துவிடும். இரவில் குண்டும் குழியுமான சாலையில் போகும்போது ஹெட்லைட் மங்குவதும் தெளிவதுமாக இருந்தது.

பட்டறையில் முதல் முறை பேட்டரியை மாற்றி 4,200 ரூபாய் வாங்கினார்கள். பத்து நாளில் கோளாறு திரும்பியது. அடுத்த முறை, வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும், நம் ஊரில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்நேட்டரைப் புதிதாக மாற்றியதாக 7,500 ரூபாய்க்குப் பில் போட்டார்கள். மூன்றாம் முறை செல்ஃப் மோட்டாருக்கு 3,800 ரூபாய். மூன்று முறைக்கும் சேர்த்துக் கூலி 2,300 ரூபாய். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "பழைய வண்டிங்க சார், ஒவ்வொன்னா மாத்திப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்றார் அங்கிருந்தவர். ஒவ்வொரு முறையும் இரவு முழுவதும் ஆறிய வண்டியில் மீட்டரை வைத்து, 12.6 வோல்ட் இருக்கிறது, எல்லாம் சரி என்று காட்டித்தான் அனுப்பினார்கள். அந்த அளவு பொய்யில்லை. ஆனால் அதை வைத்து இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் வண்டி மறுபடி நின்றபோது, பக்கத்துத் தெருவில் ஒற்றை அறைக் கடை வைத்திருக்கும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தார்கள். வண்டி ஆறட்டும் என்று சொல்லாமல், சூட்டோடு சூடாகவே பார்க்க வேண்டும் என்றார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை கியர்பாக்ஸின் உலோகத்திலும் வைத்து என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். கால் வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 2.8 வோல்ட் காட்டியது. "சும்மா இருக்கும்போது மீட்டர் நல்லாத்தான் காட்டுமுங்க தம்பி, செல்ஃப் இழுக்கும்போது பாக்கோணுங்க" என்றார்.

மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையாக, பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே போகும் எர்த் வயரைக் கழற்றி, அதன் முனையில் சுற்றியிருந்த டேப்பை உரித்துக் காட்டினார். உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகி, ஏழெட்டு இழைகள் மட்டுமே முனையைப் பிடித்துக்கொண்டிருந்தன. மீட்டருக்கு ஓர் இழையே போதும். செல்ஃப் மோட்டாரோ நூறு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த ஓட்டத்தில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட ஒரு வோல்ட் வீணாகும். சூடேறினால் தடை இன்னும் கூடும், வண்டி ஆறினால் குறையும். டைனமோவின் சார்ஜும் அதே வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும் என்பதால், குலுங்கும்போதெல்லாம் விளக்கு மங்கியிருக்கிறது. புது பேட்டரியின் தெம்பு பத்து நாள் இதை மறைத்தது. கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், சுட்டது. எர்த் கிடைக்காத மின்சாரம் அதன் வழியாகப் போயிருக்கிறது. புது வயருக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் வாங்கியது 350 ரூபாய்.

கிளம்பும் முன் டைனமோவைப் பார்த்தவர், நகத்தால் அதைச் சுரண்டினார். சில்வர் பெயிண்டோடு சேர்ந்து, பல வருட ஆயில் பிசுக்கும் செம்மண்ணும் கட்டியாகப் பெயர்ந்து வந்தன. அதைத் தாங்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கழற்றாத டைனமோவுக்கு நான் 7,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கோளாறு பிடிபடாமல் போனதைக்கூட நான் மன்னிப்பேன். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கழற்றிய பழைய பாகத்தை அன்றே கையில் கேட்டு வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது. நீங்கள் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன், கோளாறு இருக்கும் நேரத்திலேயே எர்த் வயரை இப்படிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பில்லோடு பட்டறைக்குப் போய்க் கேட்டபோது, டைனமோவை வேறு எங்கோ மாற்றியிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பில்லின் நகலையும், பெயிண்ட் பெயர்ந்த டைனமோவின் படங்களையும், பச்சை பூத்த அந்த வயரையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். புகார் மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.