பிளக்கே போடாத நாலு நாளுக்கும் பில் போட்டார்கள்: ஃப்ரோசன் சரக்கு கப்பலில் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் புதிதாக ஃப்ரோசன் ஏற்றுமதியில் இறங்கியிருக்கும் சின்ன யூனிட்காரர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஒரு முழுக் கன்டெய்னர் தேங்காய்த் துருவலை இழந்துவிட்டு எழுதுகிறேன்.

நானும் கணவரும் சேர்ந்து நடத்தும் யூனிட். துருவிய தேங்காயை 400 கிராம் பாக்கெட்டாகப் போட்டு, பிளாஸ்ட் ஃப்ரீசரில் உறைய வைத்து, லண்டனில் மொத்த வியாபாரம் செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவருக்கு அனுப்புகிறோம். 2024 ஏப்ரலில் போனது எங்கள் மூன்றாவது கன்டெய்னர். 40 அடி ரீஃபர் (குளிரூட்டும் மெஷின் உள்ள கன்டெய்னர்), 2,500 பெட்டி, 24 டன். செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததால், சூயஸ் வழியாகப் போக வேண்டியவை ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. எல்லா இடத்திலும் ரேட் ஏறியிருந்தது. அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) கூப்பிட்டார். எங்கள் பழைய ஆள் சொன்னதைவிட ஃப்ரைட், அதாவது கப்பல் கட்டணம், கணிசமாகக் குறைவு. ரோட்டில் போகும்போது கன்டெய்னருக்குக் கரண்ட் கொடுக்கும் ஜென்செட்டும், நிற்கும் இடத்தில் கரண்ட் கொடுக்கும் பிளக்-இன்னும் மட்டும் தனி பில். "நீங்க ஸ்டஃபிங் பண்ணிக் குடுங்க மேடம், மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். நம்பினேன்.

வியாழன் ராத்திரி ஸ்டஃபிங், அதாவது கன்டெய்னரில் சரக்கு ஏற்றுவது. ரீஃபர் கன்டெய்னர் சரக்கை உறைய வைக்காது. உறைந்து வந்த சரக்கை அதே குளிரில் வைத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து −20 இருந்த பிறகுதான் ஏற்றினோம். குளிர்காற்று தரையில் இருக்கும் பள்ளங்கள் வழியாக வந்து மேலே ஏறிச் சுற்ற வேண்டும் என்பதால் உள்சுவரில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு பெட்டிகூட வைக்கவில்லை. வெளிக்காற்றை உள்ளே விடும் ஃப்ரெஷ் ஏர் வென்ட் மூடியிருக்கிறதா என்று நானே ஏறிப் பார்த்தேன். செட்டிங் −18. ஜென்செட் ஓடுகிற சத்தத்தோடு டிரெய்லர் கிளம்பியது.

பேக்கிங்கில் எங்களோடு இருக்கும் அக்கா ஒருவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் கரண்ட் போய்ப் போய் வருவதால், ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை ஐஸாக்கி அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்திருப்பார். ஊருக்குப் போய்த் திரும்பும்போது காசு மேலேயே இருந்தால் ஃப்ரீசர் நிற்கவில்லை. அடியில் கிடந்தால் ஐஸ் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அன்றைக்கு அவர் கதவோரப் பெட்டி ஒன்றில் அப்படி ஒரு பிளாஸ்டிக் டம்ளரை வைத்து, "இருக்கட்டும் கண்ணு" என்றார். டேட்டா லாக்கர் (குளிரை நேரத்தோடு பதிவு செய்யும் கருவி) வாங்கி வைக்க வேண்டியது நான். வைக்கவில்லை. இன்றுவரை மனசு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஃபார்வர்டரிடமிருந்து வாட்ஸ்அப்: "கன்டெய்னர் போர்ட்டுக்குள்ள போயிட்டு மேடம்." அதோடு நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கொழும்பில் பெரிய கப்பல் மாறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஜூனில் லண்டன் போய்ச் சேர்ந்தது. கதவைத் திறந்த கையோடு அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். "தங்கச்சி, சாமான் சரியில்லை. ஒருக்கா உருகித் திரும்ப உறைஞ்சிருக்கு."

கதவுப் பக்கத்து வரிசைகளில் பெட்டிகள் இடுப்பு ஒடிந்த மாதிரி மடிந்திருந்தன. ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். நாங்கள் அனுப்பும் துருவல் பாக்கெட்டோடு உலுக்கினால் பொலபொலவென்று அசையும். அது செங்கல் மாதிரி கட்டியாக இருந்தது. உள்பக்கமெல்லாம் ஐஸ் தூள், ஒரு மூலையில் மட்டும் மஞ்சளாக வடிந்து உறைந்த தண்ணீர். பிரித்ததும் சிக்கு வாடை அடிக்கிறது என்றார். டம்ளர் வைத்த பெட்டியைத் தேடி எடுக்கச் சொன்னேன். காசு அடியில் கிடந்தது.

உருகியது தெரிந்துவிட்டது. எங்கே, எப்போது என்பதைக் காசு சொல்லாது. அதைக் கன்டெய்னரில் இருக்கும் கன்ட்ரோலரின் பதிவு சொன்னது. சேதத்தைப் பார்வையிடும் சர்வேயர் மூலமாக அந்தப் பதிவை வாங்கிப் பார்த்தோம். வெள்ளி காலையில் மின்சாரம் நிற்கிறது. செவ்வாய் மதியம் திரும்ப வருகிறது. வரும்போது ரிட்டர்ன் ஏர், அதாவது சரக்கைச் சுற்றி மெஷினுக்குத் திரும்பும் காற்று, +6. அதற்குப் பிறகு லண்டன் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஷிப்பிங் லைனில் விசாரித்தோம். எங்கள் கன்டெய்னர் போர்ட் கேட்டுக்குள் போனதே செவ்வாய்க்கிழமைதான்.

நடந்தது இதுதான். ஃபார்வர்டர் பார்க்க வேண்டிய ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரம்) வேலை தாமதமாகி, கொழும்புக்குப் போகும் சின்ன ஃபீடர் கப்பலின் கட்-ஆஃப், அதாவது கன்டெய்னரை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம், போய்விட்டது. கன்டெய்னரை ஊருக்கு வெளியே ஒரு யார்டில் இறக்கிவிட்டு, ஜென்செட்டைக் கழற்றி வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடி ஏப்ரல் வெயிலில், நாலு நாள், பிளக் இல்லாமல் நின்றிருக்கிறது. அடுத்த கப்பலுக்கு உள்ளே கொண்டுபோய் பிளக் போட்டதும் மறுபடி உறைந்துவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு டிஸ்பிளேயில் −18தான் தெரியும்.

அவர் கொடுத்த பில்லை அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். "யார்ட் பிளக்-இன் சார்ஜ், 4 நாள்" என்று ஒரு வரி. பணமும் கட்டியிருந்தோம். கட்-ஆஃப் தவறுவது யாருக்கும் நடக்கும். ஒரு போன் போட்டிருந்தால் வேறு ஜென்செட்டுக்கு நானே ஏற்பாடு செய்திருப்பேன், இல்லையென்றால் கோல்டு ஸ்டோரேஜுக்குத் திருப்பியிருப்பேன். மறைத்துவிட்டு, கொடுக்காத கரண்டுக்குக் காசும் வாங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேட்டதற்கு முதலில் "கப்பல்ல ஏதாவது ஆகியிருக்கும் மேடம்" என்றார். பதிவைக் காட்டிய பிறகு "யார்டுக்காரங்க தப்பு" என்றார். பிறகு போன் எடுப்பதில்லை.

நடுவில் இருந்த பெட்டிகள் முழுசாக உருகியிருக்காது. ஆனால் எது உருகியது, எது தப்பியது என்று பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து ஜனங்கள் சாப்பிடுவதற்குக் கொடுக்க முடியாது. அண்ணன் முழுவதையும் வேண்டாம் என்றார், நானும் சரி என்றேன். அழித்த செலவும் எங்கள் தலையில்தான்.

இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் எங்கள் பாலிசியில், குளிர் குறைந்து வந்த நஷ்டத்துக்குப் பணம் வேண்டுமென்றால் ரீஃபர் மெஷின் பழுதாகி, தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். மெஷின் நன்றாகத்தான் இருந்தது, பிளக் போடாதது பழுதில் சேராது என்று தள்ளிவிட்டார்கள். பாலிசி வாங்கும் அன்றைக்கே "கரண்ட் கொடுக்காமல் விட்டால் கிளெய்ம் உண்டா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கப்பல் கம்பெனியிடமும் போனோம். வெளியில் தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்த 3 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், வழக்கு என்றால் 1 வருடத்துக்குள். அண்ணன் அன்றைக்கே கொடுத்துவிட்டார். "எங்கள் கைக்கு வந்த பிறகு ஒரு குறையும் இல்லை" என்று பதில் வந்தது. அது உண்மைதான். கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் −18 என்று போட்டிருந்ததை நாங்கள் பெரிய ஆதாரமாக நினைத்திருந்தோம். அது கன்டெய்னருக்கு வைத்த செட்டிங். ஏற்றும்போது சரக்கு எந்தக் குளிரில் இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஃபார்வர்டருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அவர் பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையைக் காட்டி, தன் பொறுப்பு வாங்கிய சர்வீஸ் சார்ஜ் அளவுக்குத்தான் என்கிறார். வழக்கு போட்டிருக்கிறோம்.

இப்போது கதவோரம் ஒன்று, நடுவில் ஒன்று, மெஷின் பக்கம் ஒன்று என்று மூன்று லாக்கர் வைக்கிறேன். அதற்கு ஆகும் செலவு ஒரு பெட்டித் தேங்காயோடு ஒப்பிட்டாலே பெரிசாகத் தெரியலாம், 24 டன்னுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேட்-இன் தேதியை, அதாவது கன்டெய்னர் போர்ட்டுக்குள் போன தேதியை, ஃபார்வர்டர் வாயால் கேட்பதில்லை. கன்டெய்னர் நம்பரை லைனின் டிராக்கிங்கில் போட்டு நானே பார்க்கிறேன். கிளம்பும்போதும் போர்ட் வாசலிலும் ஜென்செட் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பயண நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். யார்டில் நின்றால், பிளக் மாட்டிய போட்டோவும் டிஸ்பிளே போட்டோவும் காலை, மாலை. இது அத்தனையும் புக்கிங் மெயிலிலேயே எழுதி, "சம்மதம்" என்று பதில் வந்த பிறகுதான் சரக்கை ஏற்றுகிறேன்.

போன மாதம் ஒரு ஃபார்வர்டர் அந்த மெயிலைப் பார்த்துவிட்டு, "எங்கள நம்பலன்னா எப்படிம்மா தொழில் பண்றது" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு அந்த லோடைக் கொடுக்கவில்லை. காசு வைத்த டம்ளர் இன்னும் கதவோரப் பெட்டியில்தான் போகிறது. அந்த அக்காதான் வைக்கிறார்.