திருமுடிவாக்கம் தம்ம சேது: பத்து நாள் விபாசனா முகாம் எப்படி?

சென்னைப் புறநகரில், திருநீர்மலை தாண்டித் திருமுடிவாக்கம் பக்கம் இருக்கிறது தம்ம சேது. பர்மாவின் மாண்டலேயில் பிறந்து, அங்கிருந்த தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கினிடம் பயின்று, 1969இல் இந்தியாவுக்கு வந்து விபாசனா என்ற பௌத்த தியான முறையைக் கற்பிக்கத் தொடங்கிய எஸ்.என். கோயங்காவின் மரபைச் சேர்ந்த மையம். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் இந்த மரபின் முக்கிய மையமான தம்ம கிரியில் என்ன நடக்கிறதோ அதேதான் இங்கேயும். கால அட்டவணை, ஒலிப்பதிவு எதிலும் மாற்றம் கிடையாது. ஆகவே இடத்தைவிட முகாமைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஓய்வெடுக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. ஒரு பயிற்சியை அடியிலிருந்து ஒழுங்காகக் கற்க வேண்டும் என்பவர்களுக்கு, கட்டணமே வாங்காமல் இவ்வளவு கறாராகச் சொல்லித்தரும் இடம் அரிது.

பெயர்தான் பத்து நாள். முந்தின நாள் பிற்பகல் பதிவு, பதினோராம் நாள் காலையில்தான் விடுதலை. காலண்டரில் 12 தேதிகள் போய்விடும். நடுவில் கிளம்புவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் சேர்க்கிறார்கள், எனவே லீவை அதற்கேற்பப் போடுங்கள். கடைசி நாள் அதிகாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு மேலாளரிடம் கெஞ்சுவது வீண். விண்ணப்பம் இணையத்தில்தான். இடம் கிடைத்த பிறகு, வருவதை உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் வரும். அதற்குப் பதில் போடாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போய்விடும். ஸ்பாம் பெட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இரவும் போடும் கோயங்காவின் உரைகளைத் தமிழில் கேட்க வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

படிவத்தில் மனநலம், மாத்திரை, முந்தைய தியானப் பழக்கம் பற்றிய கேள்விகள் இருக்கும். 'இல்லை' என்று எழுதிவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்று மறைப்பவர்கள் உண்டு. இதில்தான் உண்மையான ஆபத்து. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மௌனமாக உட்காருவது, தீவிர மனச்சோர்வோ மனச்சிதைவோ இருந்தவர்களுக்குப் பழைய நோயைக் கிளறிவிடக்கூடும். எழுதிக் கொடுத்த மருந்தை 'பத்து நாள்தானே' என்று நிறுத்துவது அதைவிட மோசம்.

மணி அடிப்பது காலை 4 மணிக்கு. 4.30க்குத் தொடங்கி இரவு 9 வரை, இரவு உரையைக் கழித்துவிட்டாலும் உட்காருவது மொத்தம் பத்தே முக்கால் மணி நேரம். இதில் காலை 8, பிற்பகல் 2.30, மாலை 6 மணிக்குத் தொடங்கும் மூன்று கூட்டு அமர்வுகளுக்கு எல்லாரும் தியானக்கூடத்தில் இருந்தாக வேண்டும். முதல் மூன்று நாள் ஆனாபானா மட்டும்: மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறு பகுதியில் மூச்சைக் கவனிப்பது. நான்காம் நாள் பிற்பகலில் விபாசனா தொடங்குகிறது. அதற்குப் பிறகு அந்த மூன்று கூட்டு அமர்வுகளிலும் கண் திறக்காமல், கையையும் காலையும் மாற்றாமல் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். அதிட்டானம் என்பது இதுதான்.

ஆனாபானாவில் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் இடறுவது ஒரே இடத்தில்: பிராணாயாமம் பழகியவர்கள் மூச்சை அறியாமலே இழுத்து நீட்டிவிடுகிறார்கள். இங்கே மூச்சு எப்படி வருகிறதோ அப்படியே பார்க்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லையென்றால் சில மூச்சைக் கொஞ்சம் அழுத்தமாக விட்டு, பிறகு இயல்புக்குத் திரும்பலாம், அவ்வளவுதான். மனசுக்குள் 'நமசிவாய' சொல்லிக்கொள்வதும் கூடாது. மந்திரத்தில் மனம் சீக்கிரம் குவிந்துவிடும், ஆனால் உடலின் உணர்ச்சிகளை நுட்பமாகப் பார்க்கும் திறன் வளராது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

விபாசனாவில் கவனம் தலை உச்சியிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு பகுதியாக நகர வேண்டும். ஓரிடத்தில் எந்த உணர்ச்சியும் இல்லையென்றால் ஒரு நிமிடம் போல அங்கேயே காத்திருந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். பலர் அங்கேயே மல்லுக்கட்டி அமர்வையே தொலைக்கிறார்கள். இன்னொரு பொறி: ஒருநாள் உடம்பெங்கும் இதமான சிலிர்ப்பு வரும், மறுநாள் அதையே தேடிக்கொண்டு உட்காருவார்கள். வராது, எரிச்சல்தான் மிஞ்சும். நண்பகல் 12 முதல் 1 மணிக்குள் உதவி ஆசிரியரைப் பார்த்து இப்படிப்பட்ட சந்தேகங்களைக் கேட்கலாம். பெயரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சில நிமிடம்தான் கிடைக்கும், கேள்வியைச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலிக்கு ஒரே தீர்வு உயரம். இடுப்பு முட்டியைவிட மேலே இருக்கும்படி மெத்தைகளை அடுக்கினால் பாதி வலி குறையும். நான்காம் நாளுக்குள் அந்த அடுக்கை முடிவு செய்துவிடுங்கள், பிறகு அடிக்கடி மாற்றினால் உடம்பு எதற்கும் பழகாது. முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் நாற்காலி கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மரத்துப்போன காலோடு சட்டென்று எழுந்தால் பக்கத்து மெத்தையில்தான் விழ வேண்டிவரும்.

சாப்பாடு எளிய சைவம். காலை 6.30க்கும் 11 மணிக்கும் மட்டும்தான் வயிறார. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பொரியோ பழமோ. ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்களுக்கு நண்பகலுக்குப் பிறகு எலுமிச்சைத் தண்ணீர்தான். இரவு பசிக்குமே என்று பயந்து மதியம் இரண்டு தட்டு ஏற்றினால், 1 மணிக்குத் தொடங்கும் அமர்வு முழுக்கத் தூக்கம் தள்ளும். முக்கால் வயிறு போதும். எடுத்துப் போக வேண்டியவை: தொளதொள பருத்தி உடை, படுக்கை விரிப்பு, டார்ச், கொசு மருந்து, அலாரம் கடிகாரம். போனைப் பதிவின்போதே வாங்கி வைத்துவிடுவார்கள், 'அதில்தானே அலாரம்' என்று அப்போது விழிக்க வேண்டாம். புத்தகம், பேனாவுக்கும் அனுமதி இல்லை.

குறைகளும் உண்டு. கற்பிப்பது முழுக்கக் கோயங்காவின் பதிவு செய்த குரல்தான். இரவு உரைகள் தெளிவானவை, நகைச்சுவை மட்டும் பழசு. உதவி ஆசிரியர்கள் பாடத்திட்டத்தைத் தாண்டி அதிகம் பேசமாட்டார்கள். 'இதுதான் புத்தரின் தூய முறை' என்ற தொனி, மற்ற பௌத்த மரபுகளை அறிந்தவர்களுக்கு உறுத்தும். நடைத்தியானம் கற்பிப்பதில்லை, சூத்திரங்களைப் படித்து விவாதிக்கும் வழக்கமும் முதல் முகாமில் இல்லை. விழிப்புணர்வு பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரத்தைப் படிக்கும் முகாமுக்குப் போகக் குறைந்தது மூன்று பத்து நாள் முகாம்கள் முடித்திருக்க வேண்டும். ஜென் முறையில், அமர்வுகளுக்கு இடையே நடைத்தியானமும் ஆசிரியரோடு நேர்ப் பேச்சும் வேண்டுமென்றால் கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்தைப் பாருங்கள்.

தானம் கொடுக்க நினைத்தால் முகாம் முடித்த பிறகுதான் வாங்குவார்கள். பாதியில் கிளம்பியவர் நீட்டினால் வாங்குவதில்லை. பத்தாம் நாள் காலை, எல்லாருக்கும் நல்லெண்ணம் பரப்பும் மைத்ரி தியானம் முடிந்து, அதுவரை காத்த மௌனம் கலையும். அன்று கூடமே சந்தைபோல் ஆகிவிடும். அன்றைக்கும் மிச்சம் அமர்வுகள் இருக்கின்றன என்பதைப் பேச்சுச் சுவாரஸ்யத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.