பழைய ஆம்பெக் எஸ்விடியா, புதிய கிளாஸ்-டி ஹெட்டா?

பேஸ் கிதார்காரர்கள் பழசுக்கு ஏங்கும்போது அதிகம் அடிபடும் பெயர்களில் ஒன்று ஆம்பெக் எஸ்விடி. 1969-இல் வந்த ஆம்ப், அதாவது கிதாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. 300 வாட், உள்ளே 14 வால்வுகள் (ஒலிச் சைகையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்). ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டுமே கிட்டத்தட்ட 38 கிலோ. எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி தனி. அதே வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் இதன் முன்மாதிரிகளை மேடையேற்றினார்கள்.

கிளாஸ்-டி ஹெட், அதாவது வால்வுகளுக்குப் பதில் அதிவேகமாக ஆன்-ஆஃப் ஆகும் டிரான்சிஸ்டர்களால் ஒலியைப் பெருக்கும் ஹெட், இரண்டு மூன்று கிலோதான். 500 வாட், 800 வாட் என்று சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஆனால் ஒலி? எஸ்விடியில் வால்யூமை ஏற்றிவிட்டு ஈ கம்பியை அழுத்தி மீட்டுங்கள். வால்வுகள் திணறத் தொடங்கும் இடத்தில் சுரம் தடித்து, ஓரத்தில் லேசாகக் கரகரக்கும். மெதுவாக மீட்டினால் உடனே தெளிந்துவிடும். விரலுக்கு இப்படிப் பதில் சொல்வதைத்தான் பலரும் தேடுகிறார்கள். கிளாஸ்-டி தன் எல்லை வரை சுத்தமாகவே ஒலிக்கும். முன்னால் ஒரு ட்யூப் பிரீஆம்ப் (வால்வு உள்ள, ஒலியின் தன்மையை முதலில் வடிவமைக்கும் கருவி) வைத்தால் பாதி தூரம் வரலாம்.

அப்புறம் பராமரிப்பு. எஸ்விடியில் ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகள் ஆறு. தேய்ந்தால் ஆறையும் பொருத்தம் பார்த்து மாற்ற வேண்டும். உள்ளே 600 வோல்ட்டுக்கு மேல் ஓடுவதால் தெரிந்தவர் மட்டுமே கை வைக்கலாம்.

வாராவாரம் மேடை என்றால் கிளாஸ்-டி வாங்குங்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் நிலையாக வைக்க இடமிருந்தால், எஸ்விடிக்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.